அர்னோவின் பெயரில் எழுதப்பட்ட குட்டி

அனுப்புநர்:
பிளோறன்ஸ் இன்னாசித்தம்பி,
மில்வேக் 11, முதலாம் மாடி,
நீடர்ஷாஃபன்ரோட், ஹெஸன் மாநிலம்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி,
கால்நடை இனவிருத்தி மேற்பார்வைப் பிரிவு,
மாவட்ட நிருவாக அலுவலகம்.

பொருள்: வெண்டல் பொலிகுதிரை நிலையத்தில் 2022 ஏப்ரலில் நடந்த நான்கு சேர்க்கைகள் பதிவேட்டில் பிழையாக எழுதப்பட்டிருப்பது பற்றியும், அமீலி என்னும் பெண்குதிரையை எதிர்வரும் ஏப்ரல் 14ஆம் திகதிக்கு முன் பரிசோதிக்க வேண்டியது பற்றியும்.

தொடர்பு: எனது 03.07.2023, 18.11.2024 ஆகிய திகதியிட்ட கடிதங்கள்.

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா,

தங்களிடமிருந்து வந்த இரண்டு பதில்களிலும் கையொப்பம் வாசிக்க முடியாதபடி இருந்தது. அதனால் இப்படி விளிக்கிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

1. இது எனது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் நானே எழுதினேன். முதலாவதற்கு, இது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தனிப்பட்ட விடயம் என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, நான் இணைத்திருந்த குறிப்புகள் அந்நிய மொழியில் இருப்பதால் சான்றாக எடுக்க முடியாது என்றும், எனது வசனங்களின் பொருள் தெளிவில்லை என்றும், தாய்மொழியில் எழுதி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்து அனுப்பலாம் என்றும் பதில் வந்தது. அதன்படியே இம்முறை தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பு தனியாக இணைக்கப்பட்டுள்ளது. மகள் லாரா, "அம்மா, மூண்டாம் தரமும் எழுதப் போறியளோ? அவை வாசிக்கிற ஆக்களே?" என்று கேட்டாள். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. காரணம் கடைசியில் வருகிறது. தயவு செய்து கடைசி வரை வாசிக்கவும்.

2. எனக்கு வயது ஐம்பத்தாறு. நெடுந்தீவில் பிறந்தவள். 1996இல் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தேன். இப்போது இந்நாட்டுப் பிரசை. எங்கள் தீவில் ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழி வந்தவை வெளியில் மேய்ந்து திரியும். 2004இல் வேலை கேட்டுப் போன அன்று முதலாளி ஓட்டோ வெண்டலிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியென்றால் உனக்குக் குதிரையைப் பற்றித் தெரிந்திருக்குமே என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது, கிணற்றடிக்கு வரும்போது கல்லெறிந்து கலைப்போம், அவ்வளவுதான் என்றேன். பொய் சொல்லாதவள் என்று வேலை தந்தார். முதல் இரண்டு வருடம் இலாயம் கூட்டினேன். பிறகு பொலிகுதிரைகளை, அதாவது இனவிருத்திக்கு விடும் ஆண்குதிரைகளைப் பராமரித்து, பெண்குதிரைகளுடன் சேர்க்கைக்கு இட்டுச் செல்லும் வேலை. மொத்தம் பத்தொன்பது வருடம்.

3. அந்த நிலையத்தில் இருப்பவை பாரம் இழுக்கும் பெரிய இனக் குதிரைகள். காட்டில் மரம் இழுப்பவர்களும் நிலம் உழும் சிறு கமக்காரர்களும் மாசி முடிந்ததும் தங்கள் பெண்குதிரைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். 2022இல் நான்கு பொலிகுதிரைகள் இருந்தன. அவற்றில் இரண்டைப் பற்றி மட்டும் தாங்கள் அறிந்தால் போதும். ஒன்று அர்னோ. எந்தப் பரம்பரைக் குறைபாடும் இல்லை என்று பரிசோதித்துச் சான்றிதழ் பெற்றவன். மற்றவன் பாரோன். நல்ல குணம், நோய் நொடி இல்லாதவன், ஆனால் தோலைப் பாதிக்கும் ஒரு பரம்பரைக் குறைபாட்டைத் தன் இரத்தத்தில் சுமப்பவன். தகப்பனும் தாயும் இருவருமே அதைச் சுமந்தால் மட்டுமே குட்டிக்கு ஆபத்து. நான்கு குட்டியில் ஒன்று தோல் ஒட்டாமல் பிறக்கும், பிழைக்காது. ஆகவே பாரோனிடம் வரும் ஒவ்வொரு பெண்குதிரைக்கும் பரிசோதனைச் சான்று கேட்கவேண்டும் என்பது விதி. இந்த விதி தங்களுடைய அலுவலகத்து விதி.

4. திருமதி ஹெட்விக் கோல்ப் என்பவர் லிண்டே என்ற தன் பெண்குதிரையுடன் காட்டில் மரம் இழுப்பவர். தனி ஆள். லிண்டேயிடம் அந்தக் குறைபாடு உண்டு என்று பரிசோதனையில் தெரிந்திருந்தது. அதனால் விண்ணப்பப் படிவத்தில் "அர்னோ மட்டும்" என்று எழுதி, சிவப்பு மையால் இரண்டு தரம் கீழே கோடிட்டிருந்தார். அந்தப் படிவம் சேணம் வைக்கும் அறையில் ஆணியில் கொழுவப்பட்டிருந்தது. நான் வாசித்தேன். முகாமையாளர் திரு. ஹெல்பிக்கும் வாசித்தார்.

5. அந்த வருடம் உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாள், ஏப்ரல் 16இல், அர்னோவின் பின்னங்கால் வீங்கியது. மிருக வைத்தியர் வந்து பதினொரு நாள் வெளியே எடுக்கக்கூடாது என்று சொல்லிக் கட்டுப் போட்டார். அவரிடம் அதற்கான குறிப்பு இருக்கும். தாங்கள் கேட்டால் தருவார். நான் கேட்டபோது, அலுவலகம் கேட்டால்தான் தரலாம் என்றார்.

6. திரு. ஹெல்பிக் அப்போது வந்து ஏழு மாதம்தான். முதலாளி நோயில் விழுந்து பராமரிப்பு இல்லத்துக்குப் போன பிறகு அவருடைய மகன் நியமித்த ஆள். அர்னோவுக்குக் கால் சரியில்லை என்று வெளியே தெரிந்தால் அவனுக்காக வருகிறவர்கள் எல்லோரும் வேறு நிலையங்களுக்குப் போய்விடுவார்கள் என்று அவர் பயந்தார். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று எங்களுக்குக் கட்டளையிட்டார். நான் சொல்லவில்லை.

7. ஏப்ரல் 19, செவ்வாய்க்கிழமை. லிண்டேயை முதல் நாளே கொண்டுவந்து விட்டுவிட்டு திருமதி கோல்ப் வேலைக்குப் போயிருந்தார். அந்த நிலையத்தில் அன்றைய சேர்க்கைச் சீட்டுகளுக்குக் காலை ஏழு மணிக்கே கையொப்பம் இடுவது வழக்கம். பெயர்கள் எல்லாம் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். லிண்டேயின் சீட்டில் அர்னோ என்று இருந்தது. நான் கையொப்பமிட்டேன். பத்து மணிபோல் திரு. ஹெல்பிக் வந்து பாரோனைக் கொண்டுவரச் சொன்னார். நான், "திருமதி கோல்ப் அர்னோ மட்டும் எண்டு எழுதியிருக்கிறா" என்று ஜெர்மனில் சொன்னேன். அவர், "நான் அவவுடன் தொலைபேசியில் கதைத்துவிட்டேன், அவவுக்குச் சம்மதம்" என்றார். சீட்டில் பெயர் வேறாக இருக்கிறதே என்றேன். "பிறகு மாற்றுவேன். பெண்குதிரை இன்றைக்கு ஆணுக்கு நிற்கும், நாளைக்கு நிற்காது. கொண்டு வா, பிளோறன்ஸ்" என்றார்.

8. நான் போய் பாரோனைக் கொண்டுவந்தேன்.

9. இந்த வசனத்தை முதல் இரண்டு கடிதங்களிலும் நான் நடுவில் எங்கோ, வேறு வசனங்களுக்குள் எழுதியிருந்தேன். இம்முறை தனியாக எழுதுகிறேன். என்னை ஒருவரும் அடித்து இழுக்கவில்லை. சம்மதம் என்று அவர் சொன்னதை நம்பினேனா என்று கேட்டால், பாதி நம்பினேன். மீதிப் பாதிக்கு நான் திருமதி கோல்ப்புக்கு ஒரு தொலைபேசி எடுத்திருக்கலாம். அவருடைய இலக்கம் அதே படிவத்தில் இருந்தது. எடுக்கவில்லை.

10. அந்தப் பதினொரு நாளில் அர்னோவுக்கென்று வந்த நான்கு பெண்குதிரைகளுக்கும் பாரோனையே விட்டோம். சீட்டுகளில் அர்னோ என்றே இருந்தது. பிறகு அவற்றை யாரும் மாற்றவில்லை. ஒரு பொலிகுதிரை எத்தனை நாள் வேலை செய்தது என்பதைப் பொறுத்துத்தான் நான் தீன் கொடுக்கவும் ஓய்வு விடவும் வேண்டும். அதற்காக பிராங்பேர்ட் தமிழ்க்கடை ஒன்றில் தந்த நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் தமிழில் குறித்து வைப்பேன். ஏப்ரல் 19, 20, 22, 25 ஆகிய நான்கு கட்டங்களிலும் "பாரோன்" என்று உள்ளது. பெண்குதிரைகளின் பெயர்களும் உள்ளன. தாங்கள் சான்றாக எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பியவை இந்தக் கட்டங்கள்தான். இப்போது மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு கட்டத்துக்கும் முத்திரை குத்தியிருக்கிறார்.

11. லிண்டே 2023 மார்ச் 25 இரவு குட்டி ஈன்றது. மறுநாள் காலை திருமதி கோல்ப் நிலையத்துக்கு அழைத்தார். வைத்தியருடன் நானும் போனேன். பழுப்பு நிறப் பெண்குட்டி, நெற்றியில் வெள்ளை. நான்கு கால்களிலும் குளம்புக்கு மேலே தோல் இல்லை. நனைந்த காலுறை கழல்வதுபோல் குளம்பு கழன்றுகொண்டிருந்தது. அப்படியிருந்தும் எழும்பிப் பால் குடிக்கப் பார்த்தது. நிற்கும், விழும், மறுபடி எழும்பும். திருமதி கோல்ப் வைக்கோலில் உட்கார்ந்து அதைத் தன் மடியில் தாங்கிப்பிடித்துப் போத்தலில் பால் கொடுத்தார். வைத்தியர் ஒரு நாள் பார்ப்போம் என்றார். 27ஆம் திகதி காலை ஊசி போட்டார். குட்டியின் தலை திருமதி கோல்ப்பின் மடியில் இருந்தது. நான் லிண்டேயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்றேன். வைத்தியர் கைகழுவிக்கொண்டே, "அர்னோவின் குட்டிக்கு இது வரவே முடியாது" என்று சொல்லி, பிடரிமயிரில் கொஞ்சம் பிடுங்கி உறையில் போட்டார்.

12. நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அடுத்த பதினொரு நாளும் வேலைக்குப் போனேன், வந்தேன். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. கணவர், "என்னெண்டு சொல்லும். சொல்லாமல் இருந்தால் உமக்குத்தான் வருத்தம் வரும்" என்றார். ஏப்ரல் 7, பெரிய வெள்ளிக்கிழமை. கோவிலில் சிலுவையை முத்தமிடப் போன வரிசையிலிருந்து நடுவில் விலகி வெளியே வந்து, காரை எடுத்துக்கொண்டு நேரே திருமதி கோல்ப்பின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "நான் சம்மதித்தேன் என்று உனக்கு யார் சொன்னது?" திரு. ஹெல்பிக் என்றேன். "எனக்கு ஒருவரும் தொலைபேசி எடுக்கவில்லை, பிளோறன்ஸ். ஒரு தரம்கூட இல்லை" என்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

13. ஏப்ரல் 17இல் அந்த மயிரின் பரிசோதனை முடிவு வந்தது. குட்டியின் தகப்பன் பாரோன். ஏப்ரல் 20இல் தங்களுடைய அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். திரு. ஹெல்பிக்கின் அறையில் ஒன்றரை மணித்தியாலம் இருந்தார். பிறகு முற்றத்துக்கு வந்து என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். குதிரையை இட்டுச் சென்றது நீங்களா? ஓம். இது உங்கள் கையொப்பமா? ஓம். மூன்றாவது கேள்வி வரும் என்று காத்திருந்தேன். அவர் பேனையை மூடிவிட்டார். நான் "ஐயா, இன்னும் இருக்கு" என்றேன். எழுத்தில் அனுப்பலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எழுத்தில் அனுப்பியது என்னவாயிற்று என்பதை முதலாம் பந்தியில் எழுதியிருக்கிறேன்.

14. தங்கள் பதிவேட்டில் இப்போது இருக்கும் வசனம் இது: "போதிய மொழியறிவு அற்ற உதவியாளர் ஒருவரால் நிகழ்ந்த தனியொரு குதிரை மாறாட்டம்." ஏப்ரல் 28இல் என்னை வேலையிலிருந்து நிறுத்திய கடிதத்திலும் இதே வசனம். அர்னோ கறுப்பு, பாரோன் செம்பட்டை. பத்தொன்பது வருடம் நான் அந்த இலாயத்தில் நின்றேன். இரண்டு குதிரையையும் இருட்டில் மூச்சை வைத்துச் சொல்வேன். அதற்கு ஜெர்மன் மொழி தேவையில்லை. ஆனால் இந்த வசனத்தில் என்னைப் பற்றிய பகுதியைவிட எனக்குக் கவலை தருவது "தனியொரு" என்னும் சொல். ஒன்று அல்ல, நான்கு.

15. நான்கில் ஒன்று லிண்டே. இன்னொன்று சினைப்படவில்லை. மூன்றாவதற்கு ஆண்குட்டி பிறந்து, காயடிக்கப்பட்டு, காட்டு வேலைக்குப் போய்விட்டது. அதனால் யாருக்கும் தீங்கில்லை. நான்காவது, ஏப்ரல் 22இல் வந்த பெண்குதிரை, 2023 வசந்தத்தில் ஒரு பெண்குட்டியை ஈன்றது. பெயர் அமீலி. குலுக்கலில் எடுக்கப்படும் குட்டிகளுக்குத்தான் தகப்பன் பரிசோதனை செய்யப்படும். அமீலியின் பெயர் வரவில்லை. ஆகவே அது பத்திரத்தில் இன்றும் அர்னோவின் மகள்.

16. வேலை போன பிறகு நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். குதிரைகளை மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் இரண்டாவது பதிலுக்குப் பிறகு எழுதுவதை விட்டுவிட்டேன். என் பெயர் எந்தக் கோப்பில் எப்படிக் கிடந்தால் என்ன என்றாகிவிட்டது. அப்படியிருக்கும்போது, போன தை மாதம், இல்லத்தில் வாசித்து முடித்த பத்திரிகைகளைக் கட்டும்போது கமக்காரர் வாரப் பத்திரிகையில் வெண்டல் நிலையத்தின் இந்த வருட விளம்பரத்தைப் பார்த்தேன். அர்னோ இப்போது இல்லை, சென்ற ஆண்டு விற்கப்பட்டான். முதல் இடத்தில் பாரோனின் படம். அதன் கீழே, பருவத்தின் முதற் சேர்க்கையாக ஏப்ரல் 14இல் "அர்னோவின் அழகிய மகள் அமீலி" அவனிடம் வருவதாகவும், பார்வையாளர்கள் வரலாம் என்றும் போட்டிருந்தது.

17. தகப்பனிடம் மகளைக் கொண்டுவருகிறார்கள். ஒருவருக்கும் தெரியாது. திரு. ஹெல்பிக்குக்குத் தெரியும் என்று நான் எழுதமாட்டேன். அவர் மறந்தும் இருக்கலாம். அமீலி அந்தக் குறைபாட்டைச் சுமக்கிறதா என்பதும் எனக்குத் தெரியாது. பாரோனின் பிள்ளைகளில் பாதிப் பேர் சுமப்பார்கள். பரிசோதனைச் சான்று எங்கே என்று கேட்டால், அர்னோவும் தாய்க்குதிரையும் குறைபாடு அற்றவர்கள், ஆகவே மகளுக்குப் பரிசோதனை தேவையில்லை என்று பத்திரமே பதில் சொல்லும். பத்திரம் பிழை.

18. நான் சும்மா இருக்கவில்லை. பெப்ரவரி 8இல் அமீலியின் சொந்தக்காரர்களான ஃபோக்ட் தம்பதியின் வீட்டுக்குப் போனேன். இளம் ஆட்கள், மரியாதையாகக் கோப்பி தந்தார்கள். முழுவதையும் கேட்டார்கள். பிறகு கணவர் வெளியில் போய் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துவிட்டு வந்தார். வந்தவரின் முகம் மாறியிருந்தது. "வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் என்று நீங்கள் சொல்லவில்லையே" என்றார். அதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். அவர் மனைவி, "அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தால் உடனே நிறுத்துவோம். உங்கள் சொல்லை வைத்து எப்படி?" என்றார். அவரில் பிழையில்லை. நான் அவர்களுடைய இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

19. அங்கிருந்து திருமதி கோல்ப்பின் வீட்டுக்குப் போனேன். மூன்று வருடமாக நாங்கள் கதைத்ததில்லை. கடையில் கண்டால் அவர் வேறு பக்கம் திரும்பிவிடுவார். விளம்பரத்தைக் காட்டினேன். நின்றபடியே வாசித்தார். பிறகு இருக்கச் சொன்னார். தனக்குத் தொலைபேசி வரவில்லை என்பதையும், சம்மதம் கேட்கப்படவில்லை என்பதையும் 2023 மே மாதமே தங்களுக்கு எழுதியதாகவும், பதில் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். அதை மறுபடியும் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். இணைப்பு மூன்று. நான் வெளிக்கிடும்போது, "உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. இது அந்தக் குட்டிக்காக" என்றார். நான் ஓம் என்றேன். அவர் சொன்னது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

20. ஆகவே கேட்டுக்கொள்வது:

அமீலியின் பிடரியிலிருந்து பத்து மயிர் எடுத்து ஏப்ரல் 14க்கு முன் பரிசோதிக்க வேண்டும். முடிவு வரும்வரை சேர்க்கையைத் தள்ளிவைக்கும்படி நிலையத்துக்கும் ஃபோக்ட் தம்பதிக்கும் ஒரு வரி எழுத வேண்டும். நான் சொன்னது பொய்யென்றால் பரிசோதனை அதைக் காட்டிவிடும். பிறகு எனது கடிதம் ஒன்றும் தங்களுக்கு வராது.

பதிவேட்டின் வசனத்தைத் திருத்தவேண்டும். நான் குற்றமற்றவள் என்று எழுதச் சொல்லவில்லை. இட்டுச் சென்றது பிளோறன்ஸ், தெரிந்தே இட்டுச் சென்றாள், கட்டளையிட்டது ஹெல்பிக், சொந்தக்காரரிடம் கேட்கப்படவில்லை, இப்படி நான்கு தரம் நடந்தது என்று எழுதுங்கள். அதற்கு எனக்குத் தண்டனை உண்டென்றால் வாங்கிக்கொள்கிறேன். மொழி தெரியாமல் செய்தாள் என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். தெரிந்துதான் செய்தேன்.

திரும்ப வேலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

21. ஏப்ரல் 14 செவ்வாய்க்கிழமை. அன்றைக்குச் சலவைப் பிரிவில் விடுமுறைக்கு விண்ணப்பம் கொடுத்து எடுத்திருக்கிறேன். காலை ஏழு மணியிலிருந்து நிலையத்தின் படலைக்கு வெளியே பொதுத் தெருவில் நிற்பேன். உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை, குதிரையை நிறுத்த அதிகாரமும் இல்லை. வருகிறவர்கள் என் சொல்லைக் கேட்கப்போவதும் இல்லை. அது எனக்குத் தெரியும். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் அன்று காலை வந்தால், அவரைக் கண்டதும் நான் ஒன்றும் கதைக்காமல் வீட்டுக்குப் போய்விடுவேன்.

இவ்வளவையும் பொறுமையாக வாசித்தமைக்கு நன்றியுடன்,

பிளோறன்ஸ் இன்னாசித்தம்பி
(கையொப்பம்)

இடம்: நீடர்ஷாஃபன்ரோட்
திகதி: 09.03.2026

இணைப்புகள்:
1. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு.
2. நாட்காட்டியின் 2022 ஏப்ரல் தாள், மூலப்பிரதி. என்னிடம் வேறு பிரதி இல்லை. தொலைக்க வேண்டாம்.
3. திருமதி ஹெட்விக் கோல்ப்பின் கூற்று.
4. கமக்காரர் வாரப் பத்திரிகையில் வந்த விளம்பரம்.